மேற்கே பார்க்கும் டிஷ்

எங்கள் வரதராஜன்பேட்டையில் எந்த மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் டிஷ்கள் தெற்கையோ கிழக்கையோதான் பார்த்துக்கொண்டிருக்கும். நம் நாட்டு டிடிஎச் செயற்கைக்கோள்கள் இருப்பது அந்தப் பக்கம்தான். சன் டைரக்ட் வருவது 93.5 பாகை கிழக்கு. நம் ஊரிலிருந்து அது அடிவானத்துக்கு மேலே எழுபது பாகை உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், அதற்கு மாட்டிய டிஷ் நன்றாக அண்ணாந்து கிடக்கும். என் வீட்டு மாடியில் ஒன்று மட்டும் மேற்கே திரும்பி, ஏறக்குறைய நட்டுக்க நிற்கிறது. "அண்ணே, காத்துல உங்க டிஷ்ஷு திரும்பிக்கிச்சு போல" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. டிவி ரிப்பேரும் டிஷ் மாட்டுவதும்தான் எனக்குச் சோறு போடும் தொழில் என்று தெரிந்தவர்களே கேட்கிறார்கள்.

அது திரும்பிக்கொள்ளவில்லை. அது பார்ப்பது கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளை. 25.9 பாகை கிழக்கில், ஆப்பிரிக்காவின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது. நம் ஊருக்கு அது மேற்கு வானத்தில், கொஞ்சம் தெற்கே சாய்ந்து, 28 பாகை உயரத்தில் வரும். முந்திரி மரம் மறைக்காது, பனை மறைக்கும். வணிகத் தொலைக்காட்சிக்காகச் செய்த செயற்கைக்கோள் அது. ஆனால் அதன் வயிற்றுக்குள் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென்றே இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை, அதாவது கீழிருந்து வரும் அலையை வாங்கித் திருப்பிக் கீழே அனுப்பும் கருவிகளை, வைத்து அனுப்பினார்கள். அந்த வானொலிக்காரர்களான ஹாம்கள் நாங்கள் அதை கியூஓ-100 என்று சொல்வோம். பூமியோடு சேர்ந்தே சுற்றுகிற, வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிற செயற்கைக்கோளில் அமெச்சூர்களுக்கு இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டில் அகலமான டிரான்ஸ்பாண்டர் தொலைக்காட்சிக்கு. அதாவது, ஐரோப்பாவில் ஒருவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து தானே செய்த கருவியால் தன் முகத்தையும் மேசையையும் படமாக அனுப்பினால், அது விண்வெளிக்குப் போய் இறங்கி என் மாடிக்கு வருகிறது. நடுவில் இணையம் இல்லை, கேபிள் இல்லை.

அந்தச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 2018 நவம்பர் 15, அமெரிக்காவில் பிற்பகல். நமக்கு அப்போது 16ஆம் தேதி அதிகாலை இரண்டு மணி தாண்டியிருந்தது. அதே நேரத்தில்தான் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிக்கொண்டிருந்தது. அந்த இரவுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்கம்பம் சாய்ந்தது, செல்போன் கோபுரம் செத்தது, தென்னை வேரோடு போனது. இந்த இரண்டு சம்பவங்களையும் நான் எப்போதும் சேர்த்தேதான் நினைப்பேன். ஒரு ஊரின் நிலைமையை வெளியே இருப்பவருக்குக் காட்ட ஒரு படம் எவ்வளவு பேசும் என்பது, கம்பியெல்லாம் அறுந்துபோன அந்த நாட்களில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புரிந்தது. படத்தை அனுப்பும் கருவியை ஒரு தனி மனிதன் தன் கையால் செய்துகொள்ள முடியும் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். எனக்கு இதில் ஆசை அதிகம், அதை மறைக்கவில்லை.

முதலில் ஹாம் ரேடியோ என்றால் என்ன என்று இரண்டு வரி. காசுக்காக இல்லாமல், கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் தனி மனிதர்கள் வானொலி அலைகளைப் பயன்படுத்த அரசு உரிமம் தருகிறது. இந்தியாவில் 12 வயது ஆனவர் யாரும் தேர்வு எழுதலாம். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் சட்டதிட்டம். பெரிய உரிமத்துக்கு மோர்ஸ் தந்தியும் தெரிந்திருக்க வேண்டும். தேறினால் உங்களுக்கென்று ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். இந்தியர்களுடையது பெரும்பாலும் 'வியூ' என்று தொடங்கும். ராஜீவ் காந்திக்கு வியூ2ஆர்ஜி. இந்தக் கூட்டத்துக்காக இஸ்ரோ 'ஹாம்சாட்' என்று 42.5 கிலோ எடையில் ஒரு செயற்கைக்கோளே செய்து, 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கார்ட்டோசாட்-1 உடன் ஏவியது. ஒன்பது வருடம் அது உழைத்தது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் மாணவர்களோடு பேசியதும் ஹாம் ரேடியோவில்தான்.

பேசுவது சரி, படம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு ரூபவாஹினி ஞாபகம் இருக்கும். 1982இல் இலங்கையில் தொடங்கிய தொலைக்காட்சி அது. சென்னை தூர்தர்ஷன் சரியாக எட்டாத காலத்தில், டெல்டா பக்கம் இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி அதைப் பார்த்தார்கள். அதன் கோபுரம் இருக்கும் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும், பூமியின் வளைவைக் கணக்குப் பார்த்தால் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் நேர்ப்பார்வை. நாகப்பட்டினமோ நானூறு கிலோமீட்டருக்கு அப்பால். அப்படியும் படம் வந்தது. கடலுக்கு மேலே சில நேரங்களில் குளிர்ந்த ஈரக்காற்று கீழேயும் சூடான உலர்காற்று மேலேயும் அடுக்காகப் படியும். அந்த அடுக்குகளுக்கு நடுவே அலைகள் மாட்டிக்கொண்டு, விண்வெளிக்குத் தப்பிப் போகாமல் கடலை ஒட்டியே வளைந்து வந்துவிடும். ஒருநாள் கண்ணாடி மாதிரி தெரியும், மறுநாள் புள்ளி புள்ளியாகக் கொட்டும். சிறுவனாக இருந்தபோது அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு முகம் தெரியாதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதனால்தான்.

அந்தப் பழைய அனலாக் படத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: இரைச்சல் கூடக்கூடப் படம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். ஒரு கெட்ட குணமும் உண்டு: இடம் தின்னும். நம் நாட்டு முறையில் ஒரு அனலாக் சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். மேலே உள்ள யுஹெச்எஃப் பட்டையில் 8. இந்திய ஹாம்களுக்கு அந்தப் பக்கத்தில் கொடுத்திருக்கும் இடமோ 434 முதல் 438 வரை, மொத்தம் 4 மெகாஹெர்ட்ஸ். ஏழோ எட்டோ எப்படி நாலுக்குள் போகும்? அதனால் நம் ஊர் ஹாம்களுக்கு இந்தப் பட்டையில் ஓடும் படம் என்பது நெடுங்காலம் கைக்கெட்டாத விஷயமாகவே இருந்தது. நிலைப்படத்தை ஒலியாக மாற்றி, மெதுவாக ஒவ்வொரு வரியாக அனுப்பும் முறை இருந்தது, இப்போதும் இருக்கிறது. விண்வெளி நிலையத்திலிருந்து 145.8 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது அப்படிப் படம் அனுப்புவார்கள். சாதாரண வாக்கிடாக்கியில் கேட்டு, போனில் ஒரு செயலியை வைத்து நீங்களே படமாக்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் கூச்சல் போடுவார்கள். ஆனால் அது அசையாத படம்.

டிஜிட்டல் வந்ததும் கணக்கே மாறியது. சாதாரண டிவி படம் ஒன்றைச் சுருக்காமல் அனுப்பினால், 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம், ஒரு புள்ளிக்கு 16 பிட் என்று பெருக்கினால் நொடிக்கு 16 கோடி பிட்டுக்கு மேல் வரும். ஹாம்கள் இன்று அதிகம் பயன்படுத்தும் ஒரு வேகத்தில் அவர்களுக்குக் கிடைப்பது நொடிக்குச் சுமார் 4 லட்சம் பிட். நானூறில் ஒரு பங்கு. அதற்குள் படமும் குரலும் அடங்க வேண்டும். எச்.264, எச்.265 என்ற சுருக்கும் முறைகள் இதைச் செய்கின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாமல், எது நகர்ந்தது, எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் அனுப்புவது அவற்றின் அடிப்படை. உங்கள் செல்போன் காணொளி எடுக்கும்போது உள்ளே நடப்பதும் அதுவே. இந்த வேலையைச் செய்யும் சில்லு இன்று செல்போன் விலைக்குள் அடங்கிவிட்டது என்பதால்தான் என் போன்றவன் இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பகுதி இன்னும் அழகானது. நானூறில் ஒன்றாகச் சுருக்கிவிட்டு, உடனே அதில் வேண்டுமென்றே கொஞ்சம் சேர்ப்பார்கள். மணியார்டர் பாரத்தில் தொகையை எண்ணாலும் எழுதுவோம், எழுத்தாலும் எழுதுவோம் இல்லையா? ஒன்று மை படிந்து அழிந்தாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். இங்கேயும் அப்படித்தான். வழியில் சில பிட்கள் இரைச்சலில் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே தெரியும். ஆகவே கெட்டதைக் கண்டுபிடித்துத் திருத்தும் அளவுக்குக் கூடுதல் பிட்களைக் கணக்குப்படி கலந்து அனுப்புகிறார்கள். மூன்று பிட் அனுப்பினால் இரண்டு செய்தி, ஒன்று காவல் என்பது ஒரு விகிதம். சரிபாதி என்பது இன்னொன்று. இதற்கான கணிதத்தில் ஒன்றை ராபர்ட் கேலகர் என்பவர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் கண்டுபிடித்தார். அன்றைய கணினிகளால் அதைப் போட்டுப் பார்க்க முடியாததால் முப்பது வருடம் கிட்டத்தட்ட மறக்கப்பட்டுக் கிடந்தது. இன்று டிவிபி-எஸ்2 என்ற செயற்கைக்கோள் முறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதன் பலனைப் பாருங்கள்: நல்ல அனலாக் படத்துக்கு, சிக்னல் இரைச்சலைவிடப் பத்தாயிரம் மடங்கு வலுவாக இருக்க வேண்டும். சரிபாதி விகிதத்தில் அனுப்பும் டிவிபி-எஸ்2க்கு, இரைச்சலைவிட ஒன்றே கால் மடங்கு இருந்தால் போதும், படம் சுத்தமாக வரும். அதற்குக் கீழே போனால் எதுவுமே வராது. புள்ளிகளுக்குள் முகம் தேடும் வேலை இதில் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இதையெல்லாம் ஹாம்கள் எப்படித் தங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார்கள்? ஜெர்மனியின் வூப்பர்டால் பல்கலைக்கழகத்தில் 1990களின் கடைசியில் 434 மெகாஹெர்ட்ஸ் பக்கம் டிஜிட்டல் படத்தை அனுப்பிக் காட்டினார்கள். அன்று அது பல்கலைக்கழகக் கூடத்துக் கருவி. பிரிட்டனில் 1949இலேயே தொடங்கிய அமெச்சூர் தொலைக்காட்சி மன்றம் ஒன்று உண்டு, சுருக்கமாக பிஏடிசி. 2014இல் அங்கே அரசு 146 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெகாஹெர்ட்ஸ் இடத்தைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டது. ஒரு மெகாஹெர்ட்ஸில் தொலைக்காட்சியா என்று யாரும் ஒதுங்கவில்லை. இன்னும் சுருக்கு, இன்னும் ஒடுக்கு என்று இறங்கினார்கள். டிடிஎச் நிறுவனங்கள் நொடிக்கு மூன்று கோடிக் குறியீடு (சில பிட்களைச் சுமக்கும் அலைத்துண்டு) என்ற அளவில் அனுப்புகையில், இவர்கள் 3,33,000க்கு வந்தார்கள். அதற்கும் கீழே போனார்கள். 3,33,000 குறியீடு வானத்தில் பிடிக்கும் அகலம் சுமார் 0.45 மெகாஹெர்ட்ஸ்தான். நம்முடைய அந்த நாலு மெகாஹெர்ட்ஸை இப்போது நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இவ்வளவு மெதுவாக வரும் சிக்னலைக் கடையில் வாங்கும் செட்டாப் பாக்ஸ் கண்டுகொள்ளாது. அதற்குப் பிரான்ஸ் நாட்டு ஹாம் ஒருவர் வழி செய்தார், அழைப்புக்குறி எஃப்6டிஇசட்பி. செயற்கைக்கோள் டியூனர்களில் வரும் ஒரு சில்லு இந்த மெதுவான வேகத்தையும் பூட்டிப் பிடிக்கும் என்று கண்டு, அந்த டியூனரை ஒரு சின்ன யுஎஸ்பி பலகையோடு சேர்த்து, மினிடியூனர் என்ற ஏற்பியை உருவாக்கினார். அனுப்பும் பக்கத்துக்கு வழி காட்டியவரும் பிரான்ஸ்காரர்தான், எஃப்5ஓஇஓ. ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி உண்டு, 2012இல் வந்தது. அதன் விளிம்பில் சின்னச் சின்ன உலோகக் கால்கள் இருக்கும், எல்இடி எரியவிட, மோட்டார் ஓட்ட. அவற்றில் ஒரு காலையே மிக வேகமாக ஏற்றி இறக்கி, தொலைக்காட்சி அலையை நேரடியாக வெளியே வரவைத்தார். டிரான்ஸ்மிட்டர் என்று தனியாக ஒன்றுமே இல்லை. கணினியின் கால்தான் டிரான்ஸ்மிட்டர். அது சுத்தமான அலை அல்ல, அப்படியே ஆன்டெனாவில் மாட்டக்கூடாது. ஆனாலும் அந்தத் துணிச்சலைப் பார்த்து நான் அன்றைக்கு வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மென்பொருளின்மேல் பிஏடிசிக்காரர்கள் கட்டிய முழுக் கருவிக்குப் பெயர் போர்ட்ஸ்டவுன். போர்ட்ஸ்மத் நகருக்குப் பின்னால் உள்ள ஒரு குன்றின் பெயர் அது. கேமரா, சுருக்குதல், குறியீடு சேர்த்தல், தொடுதிரையில் அலைவரிசை தேர்ந்தெடுத்தல் எல்லாம் ஒரே பெட்டிக்குள். பிறகு லைம்எஸ்டிஆர் மினி, புளூட்டோ போன்ற பலகைகள் வந்தன. இவற்றை எஸ்டிஆர் என்போம். பழைய டிரான்ஸ்மிட்டரில் சுருளும் கிரிஸ்டலும் செய்ததை இவற்றில் மென்பொருள் செய்யும். புளூட்டோ மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அனலாக் டிவைசஸ் நிறுவனம் செய்தது. 325 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் அலை தரும். வரைபடம், மென்பொருள், பலகையின் அச்சு எல்லாவற்றையும் செய்தவர்கள் பொதுவில் வைத்துவிட்டார்கள். ஒருவர் கண்டதை அடுத்தவர் எடுத்து நீட்டினார். அதனால்தான் ஆண்டிமடம் பக்கத்து ஒரு டிவி மெக்கானிக் கைக்கும் இது வந்து சேர்ந்தது.

என் மேசையில் இருப்பதைச் சொல்கிறேன். வரிசையாக: கேமரா, ராஸ்பெர்ரி பை, எஸ்டிஆர் பலகை, முன்பெருக்கி, பிஏ என்று நாங்கள் சொல்லும் பவர் பெருக்கி, ஃபில்டர், கடைசியில் டம்மி லோடு. மென்பொருள் பக்கத்தை என் அக்கா மகன் பார்த்துக்கொள்கிறான். லினக்ஸ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. "மாமா, கமாண்ட நான் அடிச்சிக்கிறேன், நீங்க சால்டரிங்க பாருங்க" என்று பங்கு பிரித்துக்கொண்டோம். எனக்கு அது ஏற்ற பங்கு. ஏனென்றால் எஸ்டிஆர் பலகையிலிருந்து வருவது சில மில்லிவாட்தான். அதை வெளியே போகும் தகுதிக்குக் கொண்டுவருவதில்தான் பழைய கைவேலை தேவைப்படுகிறது.

பெருக்கியில் என்ன கஷ்டம் என்றால், வாக்கிடாக்கியின் எஃப்எம் அலை எப்போதும் ஒரே உயரத்தில் போகும். பெருக்கியை அதன் முழு பலத்துக்கு முடுக்கலாம். டிஜிட்டல் டிவி அலையோ ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஏறி இறங்கும். உச்சி வரும்போது பெருக்கி தலை முட்டினால், அந்த உச்சி நசுங்கி, சிக்னலின் இரண்டு பக்கமும் குப்பை வழியும். அலைமாலைத் திரையில் பார்த்தால் நடுவே சதுரமான சிக்னல், அதன் இரு பக்கமும் தோள்பட்டை தூக்கியது போலத் தெரியும். 'தோள்' என்றே சொல்கிறோம். அந்தத் தோள் பக்கத்து அலைவரிசைக்காரரின் வீட்டுக்குள் போய் நிற்கும். எஃப்எம்முக்கு 60 வாட் தரும் ஆர்ஏ60எச்4047எம் என்ற மிட்சுபிஷி மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள், 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வண்டி ரேடியோவுக்கானது. இதே மாட்யூலை டிவிக்கு வைத்தால் பத்துப் பதினைந்து வாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்ச பலம் உச்சிகளுக்காகச் சும்மா காத்திருக்கும். அதற்கும் மின்சாரம் போகும், சூடு வரும். பெரிய ஹீட்சிங்கும் விசிறியும் வேண்டும். வாட் எண்ணைப் பெரிதாக்கிப் பெருமைப்படுகிற ஆளுக்கு இந்த வேலை சரிப்படாது.

பிறகு ஃபில்டர். 437 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் பெருக்கி கூடவே அதன் இரண்டு மடங்கையும், 874ஐயும், உண்டாக்கும். 869 முதல் 889 வரை நம் நாட்டில் செல்போன் கோபுரங்கள் பேசும் இடம். உங்கள் பொழுதுபோக்கு பக்கத்துத் தெருக்காரரின் போனைக் கெடுக்கக்கூடாது. ஆகவே 450க்கு மேலே எல்லாவற்றையும் அமுக்கும் ஃபில்டர் கட்டாயம். தடித்த செம்புக் கம்பியைத் துரப்பண ஊசியின்மேல் சுற்றிச் சுருள் செய்து, நல்ல மைக்கா கெப்பாசிட்டர் வைத்து, தகரப் பெட்டிக்குள் அறை அறையாகத் தடுத்துச் செய்கிறேன். சுருளின் சுற்றை அரை மில்லிமீட்டர் விரித்தாலே வளைவு மாறுவது திரையில் தெரியும். அந்தத் திரைக்கும் லட்சக்கணக்கில் செலவில்லை. வெளிநாட்டில் கம்ப்யூட்டரில் டிவி பார்க்க விற்ற யுஎஸ்பி குச்சி ஒன்றை அளவுக்கருவியாக மாற்றலாம் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத் துல்லியம் அதில் இல்லை. தோள் எழுகிறதா, இரட்டை மடங்கு இருக்கிறதா என்று பார்க்கப் போதும். அதற்கும் முன்னால் சிக்னலைத் தணிக்கும் ஓர் அட்டென்யுவேட்டர் மாட்டாமல் பெருக்கியோடு இணைத்தால் குச்சி அங்கேயே எரிந்துபோகும்.

டம்மி லோடு என்றேனே, அது 50 ஓம் மின்தடை. ஆன்டெனாவுக்குப் பதிலாக எல்லாச் சக்தியையும் வாங்கிச் சூடாக்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். என் பெட்டியின் வேலை இப்போதைக்கு அதோடு முடிகிறது. உரிமத்தில் எந்த அலைவரிசையில், எந்த வகை ஒலிபரப்பு, எவ்வளவு வாட் என்று எழுதியிருக்கும். அகலமான டிஜிட்டல் படம் தன் உரிமத்துக்குள் வருகிறதா என்று டில்லியில் உரிமம் தரும் டபிள்யூபிசி பிரிவிடம் எழுத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே ஆன்டெனாவைத் தொட வேண்டும் என்பது என் கொள்கை. செயற்கைக்கோளுக்கு ஏற்றி அனுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் இதே கேள்வி உண்டு. ஆகவே வீட்டுக் கூடத்தின் இந்தக் கோடியில் டம்மி லோடு, அந்தக் கோடியில் ஏற்பி. கசியும் துளி அலையிலேயே என் அக்கா மகனின் முகம் டிவியில் தெளிவாக வந்து நின்றது. கையை ஆட்டினான், ஒரு நொடிக்கும் மேல் கழித்துப் படத்தில் கை ஆடியது. சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம் அது.

வாங்கும் பக்கத்தில் கியூஓ-100 நல்ல ஆசான். டிஷ்ஷும், அதன் முகத்துக்கு முன்னே அலையை வாங்கும் எல்என்பியும் நம் ஊரில் பழைய சாமான் கடையிலேயே கிடக்கும். எல்என்பிக்கு 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டத் துருவம். தொலைக்காட்சி டிரான்ஸ்பாண்டர் அதில்தான் இறங்குகிறது. அதன் பீக்கன், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அடையாளச் சிக்னல், 10,491.5 மெகாஹெர்ட்ஸ். யுனிவர்சல் எல்என்பி அதிலிருந்து 9,750ஐக் கழித்து 741.5ஆகக் கீழே அனுப்பும். வீட்டு செட்டாப் பாக்ஸ் 950க்கு மேல்தான் பார்க்கும் என்பதால் அதற்கு இது தெரியாது, மினிடியூனருக்குத் தெரியும். எல்என்பி வாங்கும்போது பிஎல்எல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய வகை எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் சூடேறச் சூடேற அலைவரிசை நழுவும். டிடிஎச் சிக்னல் அகலம் என்பதால் அதற்கு உறைக்காது. அரை மெகாஹெர்ட்ஸ்கூட இல்லாத ஹாம் சிக்னல் கைநழுவிப் போய்விடும். இந்த டிரான்ஸ்பாண்டரில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒழுங்கு: யாரும் பீக்கனைவிட வலுவாக அனுப்பக்கூடாது, ஒரு டெசிபெலாவது கீழே இருக்க வேண்டும். மேலே உள்ள சக்தி எல்லோருக்கும் பொது. ஒருவர் கத்தினால் மற்றவர் எல்லோர் குரலும் தேயும்.

விண்வெளி நிலையத்திலும் ஒரு ஹாம் டிவி டிரான்ஸ்மிட்டர் உண்டு. இத்தாலியில் செய்தது, 2013இல் மேலே போனது. பிரிட்டிஷ் வீரர் டிம் பீக் 2016இல் அதில் முகம் காட்டியே பள்ளிப் பிள்ளைகளோடு பேசினார். 2018இல் பழுதாகி, பூமிக்கு வந்து செப்பனிட்டுக்கொண்டு மறுபடி மேலே போனது. நிலையம் நம் தலைக்கு மேலே கடக்க அதிகம் போனால் பத்து நிமிடம். டிஷ்ஷை அதன் பின்னாலேயே திருப்பிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் அதைச் செய்து பார்க்கத் திருப்பு மேடை ஒன்றுக்கு மோட்டார் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டுத் தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு: முதலில் தேர்வுக்குப் படியுங்கள். கையில் இருக்கும் காசுக்கு பிஏ வாங்காதீர்கள். ஒரு டம்மி லோடு, சில அட்டென்யுவேட்டர்கள், அந்த யுஎஸ்பி குச்சி, நல்ல சால்டரிங் அயர்ன் வாங்குங்கள். பழைய டிஷ் ஒன்றை மேற்கே திருப்பி, 28 பாகையில் வைத்து, எல்என்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். ஆஃப்செட் டிஷ் என்பதால் அது கண்ணுக்கு நேராக நிற்பதுபோலத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பீக்கன் பூட்டியதும் அதில் ஓடும் படத்தைப் பாருங்கள். பிறகு பக்கத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.